கனடா ஆராய்ச்சி இருக்கைகள்: சமத்துவ இலக்குகளும் தன்விவரப் படிவமும்

கனடாவின் மத்திய அரசு 2000ஆம் ஆண்டு தொடங்கிய ‘கனடா ஆராய்ச்சி இருக்கைகள்’ (இருக்கை என்பது ஆய்வுப் பேராசிரியர் பதவி) திட்டத்தின்கீழ், முன்னணி ஆய்வாளர்களை அமர்த்தவும் தக்கவைத்துக்கொள்ளவும் பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்கப்படுகிறது. முதல்நிலை இருக்கைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வீதம் 7 ஆண்டுகளுக்கும், வளர்ந்துவரும் ஆய்வாளர்களுக்கான இரண்டாம்நிலை இருக்கைக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வீதம் 5 ஆண்டுகளுக்கும் இந்நிதி கிடைக்கும். ஆய்வாளர் ஒருவர் அரசிடம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகம்தான் அவரைத் தேர்ந்தெடுத்து முன்மொழிய வேண்டும். ஆகவே யாருக்கு இருக்கை கிடைக்கும் என்பதில் பெரும்பகுதி பல்கலைக்கழகத்தின் தேர்வு அறைக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

அந்த அறையில் பெண்களும் வேறு சில பிரிவினரும் தொடர்ந்து விடுபடுகிறார்கள் என்று 2003ஆம் ஆண்டு எட்டுப் பெண் கல்வியாளர்கள் மனித உரிமை முறையீடு செய்தார்கள். இப்பிரிவினருக்கு எத்தனை இருக்கைகள் என்ற இலக்குகளை வகுக்க 2006இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும் பல்கலைக்கழகங்கள் பலவும் இலக்கை எட்டாமலே காலம் கடந்தது. 2017இல் அந்த உடன்பாடு கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஆணையாக்கப்பட்டது. அதே ஆண்டு சமத்துவம், பன்முகத்தன்மை, உள்வாங்கல் ஆகியவற்றுக்கான செயல்திட்டமும் வந்தது. 2019இல் உடன்பாட்டில் சேர்க்கப்பட்ட திருத்தமே இன்று நடைமுறையில் உள்ள இலக்குகளுக்கு அடிப்படை.

இத்திட்டத்தில் மிக முக்கியமானது இலக்கைக் கணக்கிடும் முறை என்று கருதுகிறேன். முதலில், இருக்கைக்குத் தகுதியுள்ள கல்வியாளர்களாக ஏற்கெனவே பணியில் இருப்போரில் ஒவ்வொரு பிரிவினரும் எத்தனை பேர் என்று பார்த்தே இலக்கு வகுக்கப்பட்டது. 2017இல் அது பெண்களுக்கு 31 விழுக்காடு, இனச் சிறுபான்மையினருக்கு 15, மாற்றுத்திறனாளிகளுக்கு 4, பூர்வகுடியினருக்கு 1 என இருந்தது. பல தலைமுறைகளாக வாயிலிலேயே தடுக்கப்பட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவாகத்தானே இருப்பார்கள். அந்தக் குறைவையே அளவுகோலாக்கினால் பழைய அநீதி புதிய இலக்குக்குள்ளும் புகுந்துவிடும். 2019 திருத்தம் இதை மாற்றி, நாட்டின் மக்கள்தொகையில் ஒவ்வொரு பிரிவினருக்கும் உள்ள பங்கை அளவுகோலாக்கியது. அதன்படி 2029 டிசம்பருக்குள் பெண்களும் பாலினச் சிறுபான்மையினரும் 50.9 விழுக்காடு, இனச் சிறுபான்மையினர் 22, மாற்றுத்திறனாளிகள் 7.5, பூர்வகுடியினர் 4.9 என்ற அளவை எட்ட வேண்டும்.

இந்த எண்ணிக்கைக்கு அடிப்படையாக அமைவது தன்விவரப் படிவம். தாம் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை ஆய்வாளர் தாமே குறிப்பிடுகிறார். வேறொருவர் அவரது தோற்றத்தையோ பெயரையோ வைத்து முடிவு செய்வதில்லை. விடை சொல்ல விரும்பவில்லை என்று குறிப்பதற்கும் படிவத்தில் இடமுண்டு. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவினர் ஐந்து பேருக்கும் குறைவாக இருந்தால், தனிமனிதர் அடையாளம் காணப்படக்கூடும் என்பதால் அந்த எண்ணிக்கை வெளியிடப்படுவதில்லை. வெளியே தெரியாத உடற்குறையோ நாட்பட்ட நோயோ உள்ளவர்கள் அதனால் தம் பணி பாதிக்கப்படுமோ என்று அஞ்சித் தவிர்ப்பது இயல்பே. அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது. விவரம் எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார், எதற்குப் பயன்படும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லாமல் நம்பிக்கையை எதிர்பார்க்க முடியாது.

ஐந்தும் அதற்கு மேலும் இருக்கைகள் உள்ள பல்கலைக்கழகங்கள் தம் செயல்திட்டத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும். காலியிட அறிவிப்பு குறைந்தது 30 நாட்களாவது பார்வைக்கு இருக்க வேண்டும். மகப்பேறு, நோய், குடும்பப் பராமரிப்பு போன்றவற்றால் பணியில் விழுந்த இடைவெளியைத் தேர்வுக்குழு கருத்தில் கொள்ள வேண்டும். குறித்த காலத்தில் இலக்கை எட்டாத பல்கலைக்கழகத்தின் புதிய முன்மொழிவுகள் கட்டுப்படுத்தப்படும். நிதியோடு பிணைந்திருப்பதால்தான் இந்த விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை.

இறுதியில் அமர்ந்தவர்களை மட்டும் எண்ணும் பல்கலைக்கழகம் தன் குறையைக் கண்டுகொள்ளாது. விண்ணப்பித்தோர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர், தேர்வானோர், பதவியை ஏற்காமல் விலகியோர் எனப் படிப்படியாக எண்ணிப் பார்த்தால்தான் எந்தப் படியில் யார் உதிர்கிறார்கள் என்பது விளங்கும். பூர்வகுடியினர் விண்ணப்பிக்கவே இல்லையென்றால் தீர்வு அறிவிப்பிலும் அழைப்பிலும் உள்ளது. விண்ணப்பித்தும் நேர்காணலுக்கு முன்பே நீக்கப்பட்டால் தேர்வுக்குழுவின் மதிப்பீட்டு முறையைத்தான் திருத்த வேண்டும்.

கனடாவில் உள்ள தமிழர்கள் இத்திட்டத்தில் இனச் சிறுபான்மையினர் என்ற பிரிவில் அடங்குவர். கனடா புள்ளியியல் துறையின் வகைப்பாட்டில் தெற்காசியர் என்பது ஒரே குழுவாக இருப்பதால், அதற்குள் தமிழர் எத்தனை பேர் என்பதை அந்த ஒரு வகையைக் கொண்டு அறிய இயலாது. ஆய்வாளராக அங்கு விண்ணப்பிக்க எண்ணுபவர்கள், கனடியக் குடியுரிமை இல்லாதவர்களும் முன்மொழியப்படலாம் என்பதை அறிந்திருப்பது நல்லது. பணியிடைவெளி இருந்தால் அதை விண்ணப்பத்தில் தயங்காமல் விளக்க வேண்டும். படிவம் குறித்த ஐயங்களைப் பல்கலைக்கழகத்தின் சமத்துவ அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறலாம்.