டிரம்மில் வட்டம் வேண்டுமா, தகட்டில் வட்டம் போடாதீர்கள்

இந்த மாதம் இது மூன்றாவது டிரம். வெளிவிட்டம் 200 மி.மீ., தகடு 4 மி.மீ., பக்கவாட்டில் 100 மி.மீ. பைப் நுழைய ஓர் ஓட்டை. தட்டைத் தகட்டை லேசரில் வெட்டி, ரோலரில் டிரம்மாக உருட்டி (ரோலிங்) முடிந்து, பைப்பை வைத்தால் உள்ளே போகவில்லை. வெல்டர் அண்ணன் கிரைண்டரை எடுத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். டிராயிங் நான் போட்டதில்லை அண்ணே!

போட்ட தம்பியைக் கேட்டால், "பைப் 100, ஓட்டையும் 100, எங்கே சார் தப்பு?" என்கிறார். டிராயிங் சாஃப்ட்வேரான சாலிட்வொர்க்ஸில் டிரம்மை அன்ஃபோல்ட் பண்ணி, அதாவது தட்டையாக விரித்து, தட்டையில் 100 வட்டம் வரைந்து வெட்டி, திரும்ப ஃபோல்ட் பண்ணியிருக்கிறார். தம்பி, தட்டையில் நீங்கள் அளந்தது வில்லின் நீளம், பைப் நுழைவதோ நாண் வழியாக. பள்ளிக்கூடத்தில் படித்த அதே வில், அதே நாண். கே ஃபேக்டர் (வளைக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் கோடு தகட்டின் தடிமனில் எங்கே என்பது) 0.5, அதாவது சரிபாதி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: அந்த 100 வட்டம் உருட்டியதும் உள்பக்கத்தில் சுற்றுவாக்கில் 93.8 மி.மீ.தான் திறந்திருக்கும். பைப் சரியாக நுழைய, தகட்டில் சுற்றுவாக்கில் சுமார் 107.4, நீளவாக்கில் அதே 100. அதாவது ஓவல். வெல்டிங்குக்கு விடும் இடைவெளி தனி.

"அப்போ போல்ட் ஓட்டைக்கும் ஓவலா?" என்று கேட்காதீர்கள். இதே டிரம்மில் 7 மி.மீ. ஓட்டை 0.14தான் குறையும், வட்டமாகவே வெட்டுங்கள். பெரிய ஓட்டையில்தான் வம்பு.

அதற்கு உருட்டிய நிலையிலேயே, பைப் வரும் திசையில் ஸ்கெட்ச் போட்டு கட் கொடுங்கள். தகட்டுக்குச் செங்குத்தாக வெட்டச் சொல்லும் நார்மல் கட்டை டிக் பண்ண மறந்தால் ஓட்டையின் சுவர் சாய்வாக நிற்கும், சாதாரண லேசர் நேராகத்தான் வெட்டும், அப்புறம் லேசருக்குப் போகும் டிஎக்ஸ்எஃப் ஃபைலில் எந்தப் பக்கத்துக் கோடு வந்தது என்று தேட வேண்டும். டிக் பண்ணிய பிறகும் உள்பக்கத்தை ஒருமுறை மெஷர் பண்ணிப் பாருங்கள், தயவுசெய்து. டிரம்மை மூடிய வளையமாக வரையாதீர்கள், ஒரு சின்ன இடைவெளி இல்லாமல் அது விரியாது.

இன்னொன்று, இது சாஃப்ட்வேர் சொல்லாது. பெரிய ஓட்டை உள்ள இடத்தில் தகடு பலமிழந்து, ரோலரில் அங்கே மட்டும் மடிந்ததுபோல் வளையும். அதனால் ஓட்டையை முழுசாக வெட்டாமல் நாலு இடத்தில் சின்னப் பிடிப்பு விட்டு அனுப்புங்கள், ரோலிங் முடிந்ததும் நறுக்கிவிடலாம். பிடிப்பு எங்கே என்று டிராயிங்கில் எழுதுங்கள். எழுதாமல் அனுப்பினால், லேசர்காரர் மிச்சம் விட்டுவிட்டோமோ என்று நினைத்து அதையும் சேர்த்து வெட்டிவிடுவார், எனக்கு நடந்திருக்கிறது.