மில்லுக்கு ஹொப்பர் வரையும்போது எந்த அளவைப் பூட்டுவது?

யாழ்ப்பாணத்தில் சிறிய பட்டறைகளுக்குக் கணினியில் வரைபடம் செய்து கொடுப்பது என் தொழில். இந்தத் துறையைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் காணும் ஒரு பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. எல்லா அளவையும் வெறும் எண்ணாக அடித்துவிடுகிறார்கள். ஒரு அளவு இன்னொன்றோடு எப்படித் தொடர்புபடுகிறது என்பதை மாதிரிக்குள் எழுதுவதில்லை. திரையில் திண்மம் அழகாகத்தான் நிற்கும். ஒன்றை மாற்றச் சொன்னால்தான் சிக்கல் தெரியும்.

மா அரைக்கும் மில்லுக்கு மேலே அரிசி கொட்டும் வாயான ஹொப்பரை எடுப்போம். தலைகீழாக வைத்த சதுரக் கூம்பகத்தின் அடித்துண்டம் அது. மேல்வாய் 600 மி.மீ. சதுரம், கீழ்வாய் 150, உயரம் 450 என்றால் ஏறக்குறைய 71 லீற்றர் கொள்ளும். பக்கத் தகட்டின் சரிவு 63 பாகை. ஆனால் அரிசி அடைப்பது இரண்டு தகடுகள் சேரும் மூலையில். அந்த மூலைக் கோட்டின் சரிவு 54.7 பாகைதான்.

இப்போது மில்காரர் வருகிறார். "தம்பி, கூரை பதிவாக் கிடக்கு. உயரத்தில ஒரு அரை அடி குறைச்சு விடும்."

450ஐ அழித்து 300 என்று அடித்தால் மென்பொருள் மறுபேச்சில்லாமல் ஏற்கும். ஆனால் மேல்வாயும் கீழ்வாயும் மாறாததால் மூலைச் சரிவு 43 பாகைக்கு இறங்கிவிடும். ஊறப்போட்ட அரிசி அந்த மூலையில் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு யாராவது பக்கத்தில் நின்று தடியால் தள்ள வேண்டும். அவசரத்தில் கையையே விடுபவர்களும் உண்டு, கீழே மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இன்னொன்று, தகடுகளுக்கு இடையிலான கோணமும் 101.5 பாகையிலிருந்து 111க்கு விரிந்துவிடும். பழைய கோணத்துக்கு மடித்து வைத்த தகடு பொருந்தாது.

சரி, எப்படிச் செய்வது? எது மாறக்கூடாது என்று முதலில் முடிவெடுங்கள். இங்கே அது மூலைச் சரிவு. 54.7 பாகைக்கு அந்தத் தொடர்பு மிக எளிது: மேல்வாய் = கீழ்வாய் + உயரம். அதையே சூத்திரமாக எழுதிவிட்டால், உயரம் 300 ஆனதும் மேல்வாய் தானாக 450 ஆகும். கொள்ளளவு 29 லீற்றராகக் குறைவதும் உடனே தெரியும். அதை மில்காரரிடம் காட்டிக் கேளுங்கள். 29 லீற்றர் போதாது என்றால் மில் நிற்கும் மேடையைப் பதிக்கலாமா என்று அவரே யோசிப்பார். தகடு வெட்ட முன்பே நடக்க வேண்டிய பேச்சு இது.

அளவுகளுக்கு இடையிலான தொடர்பைக் கணினியே காப்பது புதிய யோசனையல்ல. ஐவன் சதர்லாண்ட் 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் செய்த ஸ்கெச்பாட் என்ற வரைதல் மென்பொருளிலேயே அது இருந்தது. இன்று இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகாட் என்ற வரைபட மென்பொருளில் உள்ள அட்டவணையில் அளவுகளுக்குப் பெயர் வைத்து, சூத்திரமும் எழுதலாம். திண்மத்துக்கு அடிப்படையாக வரையும் தட்டை உருவமான ஸ்கெச், அளவுகளால் முழுமையாகக் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சையாகும். பச்சையாகாத ஸ்கெச்சை வைத்து அடுத்த படிக்குப் போகாதீர்கள், எங்கோ ஒரு புள்ளி இன்னும் அசையக்கூடியதாக இருக்கிறது. ஸ்கெச்சை திண்மத்தின் முகத்தில் ஒட்டாமல் அடிப்படைத் தளத்தில் வையுங்கள். முகங்களின் பெயர் குழம்பி மாதிரி உடையும் தொல்லை 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் பெருமளவு குறைந்திருக்கிறது. என்றாலும் இந்தப் பழக்கம் நல்லது.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு சொல். வரைபடத்துக்குக் காசு கொடுக்கும்போது மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். வடிவத்தைப் பிறருக்கு அனுப்ப எஸ்.ரி.எல்., ஸ்ரெப் என்ற கோப்பு வகைகள் உண்டு. எஸ்.ரி.எல். கோப்பில் முக்கோணங்கள் மட்டுமே இருக்கும். ஸ்ரெப் கோப்பில் முகங்களும் விளிம்புகளும் சரியாக இருக்கும், ஆனால் வழக்கமாக இந்தச் சூத்திரங்கள் வராது. அடுத்த மில்லுக்கு வேறு அளவில் ஹொப்பர் தேவைப்பட்டால், மூலக் கோப்பு கையில் இருப்பவர் இரண்டு எண்ணை மாற்றினால் போதும். இல்லாதவர் முதலிலிருந்து வரைய மறுபடி காசு கட்ட வேண்டும்.