கேழ்வரகு வேரடியில் எறும்பா? முதலில் தோண்டிப் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மழை கொஞ்சம் தள்ளிப்போனால் போதும், அதே கதைதான். மானாவாரிக் கேழ்வரகு திட்டுத் திட்டாக வெளுத்து, வளராமல் நிற்கும். தூரடியில் கறுப்பு எறும்பு ஓடும். "எறும்பு வேரைக் கடிச்சிடுச்சு சார்" என்று எறும்புப் பொடியைத் தூவி, கூடவே யூரியாவும் போட்டு, இரண்டும் பலிக்காத பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள்.

எத்தனை முறை சொல்வது? உங்கள் வேரை எறும்பு தின்னவில்லை. வேரைத் தின்பது கரையான். அதற்கு எறும்பு மாதிரி ஒடுங்கிய இடுப்பு கிடையாது, போகிற வழியெல்லாம் மண் பூசும். தானியம் பொறுக்கும் எறும்பும் வேறு. அதன் வளை வாயில் உமி குவிந்து கிடக்கும். உமியும் இல்லை, மண்பூச்சும் இல்லை, தூரைச் சுற்றிப் பொடிமண் மட்டும் தள்ளியிருக்கிறது, மேலே ஏறி வரும் எறும்பின் வயிறு உப்பிப் பளபளக்கிறது என்றால், அது கீழே இனிப்பு நீர் குடித்துவிட்டு வருகிறது. அந்த நீரைக் கழிப்பது வேர் அசுவினி என்ற சிறு பூச்சி. சாற்றை உறிஞ்சிப் பயிரைக் கெடுப்பதும் அதுதான். எறும்பு அதற்குக் காவல், அவ்வளவே. பிள்ளையார் எறும்பா, கட்டெறும்பா என்று படம் அனுப்பிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: பெயர் கிடக்கட்டும், கீழே பாருங்கள்.

தயவுசெய்து செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். சல்லி வேர் அறுந்து, பார்க்க வேண்டியது மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். களைக்கொத்தால் மண்ணோடு பெயர்த்து, வெள்ளைத் துண்டின்மேல் மெல்ல உதிருங்கள். கேழ்வரகு மணி அளவில் உருண்டையாக, லேசாக வெள்ளைப்பொடி பூத்து வேரில் ஒட்டியிருப்பது அசுவினி. லென்ஸில் கால்கள் தெரியும். காலே இல்லாமல் வெள்ளையாக, நீளவாக்கில் இருப்பவை எறும்பின் சொந்தக் குஞ்சுகள். அதைப் புட்டியில் போட்டு 'வேர்ப்புழு' என்று கொண்டுவருபவர்களும் உண்டு!

அசுவினி உறுதியானால் டைமெத்தோயேட் 30 ஈசி என்ற பூச்சிமருந்து, லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி. தாக்கிய செடிக்கும் சுற்றியுள்ள செடிகளுக்கும் வேர் நனைய ஊற்றுங்கள். இலைமேல் அடித்தால் வேருக்குப் போகாது. கையுறை போடுங்கள், அந்தப் பக்கம் ஆடுமாடு விடாதீர்கள். பயிர் வெளுத்ததைப் பார்த்து யூரியா போட்டுவிடாதீர்கள்; அது அசுவினிக்குத்தான் விருந்து.

வேரில் ஒன்றுமே இல்லையா? சரி, காரணம் வேறு. செடியை வேர்மண்ணோடு பையில் கட்டி வட்டார வேளாண் அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் இலைப் படத்தை மட்டும் அனுப்பி "என்ன மருந்து?" என்று கேட்காதீர்கள்.