நீங்கள் வரவில்லை என்று முதலில் யாருக்குத் தெரியும்?

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் தூக்கம், பசி, வேலை எல்லாம் விசாரித்துவிட்டு ஒன்று கேட்பேன்: "இரண்டு வாரம் நீங்கள் வெளியே தலைகாட்டவில்லை என்றால் முதலில் கவனிப்பவர் யார்?" பலரும் சட்டென்று பதில் சொல்வதில்லை.

மனைவியை இழந்து ஒன்றரை வருடமான, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தூக்கம் வரவில்லை என்று வந்தார். (இங்கே வரும் இருவரின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.) "ஆராதனை ஒண்ணும் தவறல மேடம், ஞாயித்துக்கிழமை யூடியூப்ல பாத்துருவேன்" என்றார். கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் பிடித்த பழக்கம், அப்படியே தங்கிவிட்டது. அவருடைய சபையில் எண்ணூறு குடும்பம். என் கேள்விக்கு வெகுநேரம் யோசித்து, "பால்காரன்" என்றார்.

மருந்து தேவைப்பட்டது, மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். கூடவே, அவர் தெருவில் புதன்கிழமை சாயங்காலம் நடக்கும் வீட்டுக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கச் சொன்னேன். பதினைந்து பேர் வருவார்கள். இரண்டு பாட்டு, ஒரு வேதபகுதி, ஜெபம், அப்புறம் சுண்டலும் டீயும். முதல் வாரம் வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஆமென் சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டாம் வாரம் அந்த வீட்டு அம்மா, "அண்ணாச்சி, பக்கத்து வீட்டுல நாலு நாற்காலி வாங்கிட்டு வாங்களேன்" என்றார். அன்றிலிருந்து நாற்காலி இவர் பொறுப்பு. புதன்கிழமைக்கு நேரம் கொடுத்தால் என்னிடமே வேண்டாம் என்கிறார்.

ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டார். கூட்டம் முடிந்த கையோடு இரண்டு பேர் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். நாற்காலி வராததை வைத்துத்தான் ஆள் வராதது தெரிந்ததாம்.

கிறிஸ்தவ சபை வரலாற்றில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், பிரசங்க மண்டபம் கட்டிய கடனை எப்படி அடைப்பது என்று ஜான் வெஸ்லி என்ற போதகரைப் பின்பற்றிய மெதடிஸ்ட் சங்கத்தார் கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்றார் ஒருவர். ஏழைகள் எங்கே போவார்கள் என்று கேள்வி வந்தது. "இருப்பதிலேயே ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் நானே சேர்த்துப் போடுகிறேன்" என்று பென்னி யோசனை சொன்னவரே முன்வந்தார். இப்படிப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவர் வாராவாரம் வீடு வீடாகப் போனார். பென்னி வாங்கப் போனவர்கள் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் அறிந்து வந்தார்கள். இதைத்தானே இத்தனை நாள் தேடினோம் என்று வெஸ்லிக்குப் பட்டது. பிறகு அந்தக் குழுக்கள் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூட ஆரம்பித்தன. கடன் வசூல்தான், சபையாரை ஒவ்வொருவராகக் கவனிக்கும் மேய்ப்புப் பணிக்கு வழிவிட்டது!

"சபை கூடிவருதலை" விட்டுவிடக் கூடாது என்னும் பைபிள் வசனத்தை, எபிரெயர் 10:25-ஐ, வருகைப் பதிவேடு மாதிரி நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின வசனத்தில் "ஒருவரையொருவர் கவனித்து" என்று இருக்கிறது. என் தொழிலுக்கு அந்தக் "கவனித்து"தான் முக்கியம். எண்ணூறு குடும்பம் கூடும் ஆராதனையில், போதகர் எவ்வளவு நல்லவரானாலும் அது அவர் ஒருவரால் ஆகாது. 2010-ல் 148 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை, உறவுப் பிணைப்பு வலுவாக இருப்பவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்றது. அது சபையை மட்டும் பற்றியதல்ல, எல்லா உறவையும் பற்றியது. ஆனால் வாராவாரம் ஒரே முகங்களைப் பார்க்க வைக்கும் ஏற்பாடு நம் ஊரில் வேறு எத்தனை இருக்கிறது?

சரி, இதே நெருக்கம் கடிக்கவும் செய்யும். திருமணம் முறியும் நிலையில் இருந்த ஒரு பெண், வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் அழுதுகொண்டே அதை ஜெபக்குறிப்பாகச் சொன்னார். சனிக்கிழமை வாட்ஸ்அப் குழுவில், "நம் சபையில் ஒரு சகோதரியின் குடும்ப வாழ்க்கைக்காக ஜெபியுங்கள்." பெயர் இல்லைதான். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு வரைக்கும் யார் என்று தெரிந்திருந்தது. அதைப் போட்டவர் கெட்டவர் இல்லை, உண்மையாகவே ஜெபித்தவர்.

கூட்டம் நடத்துகிறவர்களிடம் நான் வேண்டுவது அதிகமில்லை. ஒருவர் சொன்னதை வெளியே கொண்டுபோகும் முன் அவரிடம் கேளுங்கள். மனச்சோர்வில் இருப்பவரிடம் "விசுவாசம் போதாது" என்று சொல்லாதீர்கள். மருந்தை நிறுத்து என்று சொல்லவே சொல்லாதீர்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று யாராவது வாய்விட்டால், ஜெபித்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கூடவே இருங்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பெண் இன்னும் எந்தச் சிறு கூட்டத்துக்கும் போவதில்லை. ஞாயிறு காலை இரண்டாம் பாட்டுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்கிறார், ஆசீர்வாதம் கூறும் முன் எழுந்துவிடுகிறார்.