ஆங்கிலத்தின் 'யெஸ்' யாருக்குத் தலையாட்டுகிறது?

"நீங்கள் இன்னும் சாப்பிடவில்லையா?" என்று கிளிநொச்சியில் கேட்டால், பசியோடு இருப்பவர் "ஓம், சாப்பிடவில்லை" என்பார். லண்டனில் அதே பசியோடு இருப்பவர் சொல்வது 'நோ'. நம்மவர் ஊர்ப் பழக்கத்தில் வெறும் 'யெஸ்' என்று நிறுத்திக்கொண்டால், ஆங்கிலேயர் இவர் வயிறு நிறைந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். சோற்றுக்கோப்பை வராது.

இதை ஆங்கில அறிவின் குறை என்று நான் கொள்வதில்லை. இரண்டு சொற்களும் செய்யும் வேலையே வேறு. நமது 'ஓம்', கேள்வி கேட்டவரின் கூற்றை ஏற்கிறது. அந்தக் கூற்று எதிர்மறையாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஜப்பானிய மொழியும் இப்படித்தான். யெஸ்ஸோ பதில் சொல்பவரின் அடுத்த வாக்கியம் உடன்பாடா எதிர்மறையா என்பதை முன்கூட்டி அறிவிக்கிறது. சாப்பிட்டிருந்தால் யெஸ், இல்லையென்றால் நோ. கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் சரி.

நமது 'இல்லை'யும் அவ்வளவு நேர்மையானதல்ல. தனியே சொன்னால் அது "சாப்பிடவில்லை" என்றும் பொருள்படும், "நீங்கள் நினைப்பது தவறு" என்றும் பொருள்படும். வினையையே திருப்பிச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை: வந்தாயா? வந்தேன். ஐரிஷ் மொழியில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொற்களே கிடையா. அங்கே வினைதான் பதில்.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திடம் நான்கு சொற்கள் இருந்தன. நேரான கேள்விக்கு 'யே', 'நே'. எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. "சாப்பிடவில்லையா?" என்பவரை மறுத்து, "சாப்பிட்டேனே!" என்று சொல்லத்தான் அன்று யெஸ். பிரெஞ்சு மொழியின் 'சி', ஜெர்மன் மொழியின் 'டொஹ்' இன்றும் அந்த வேலையைச் செய்கின்றன. 1532இல் ஆங்கில அறிஞர் தோமஸ் மோர், விவிலியத்தை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் 'நே' வரவேண்டிய இடத்தில் 'நோ' போட்டுவிட்டார் என்று கடிந்துகொண்டார். வேடிக்கை என்னவென்றால், விதியை விளக்கப் புகுந்த மோரே அதைத் தலைகீழாக எழுதிவிட்டார். அறிஞருக்கே கைநழுவிய விதி எத்தனை நாள் நிலைக்கும்? யெஸ்ஸும் நோவும் எல்லாக் கேள்விகளுக்குமாகப் பரவின. 'யே', 'நே' என்ற பழைய இணை, அமெரிக்கக் காங்கிரஸின் வாக்கெடுப்பு போன்ற சில மூலைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தொலைபேசியில் நாம் அடுக்கும் "ஓம்… ஓம்…" கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான அடையாளம். ஆங்கிலத்தின் 'யா'வும் அதற்கு உதவும். ஆனால் 'யா, யா' என்று சலிப்போடு இரட்டித்தால் "போதும், விடு" என்றாகிவிடும்.

வவுனியா பஸ்ஸில் ஒரு வெளிநாட்டவர் அருகிலுள்ள இருக்கையைக் காட்டி, 'டூ யூ மைண்ட்?' என்று கேட்டால் இன்னும் கவனம் தேவை. உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபமா என்பதுதான் கேள்வி. இடம் கொடுக்க 'நோ' சொல்ல வேண்டும். ஆங்கிலேயர்கள் பலரே இதற்கு 'ஷுவர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்து உட்காருகிறார்கள்.