இரவுச் சமையலில் நேரம் எங்கே போகிறது?

நாள் முழுவதும் உழைத்துக் களைத்துவிட்டு இரவு உணவு தயாரிக்க அடுப்பருகே நிற்பவர் செலவிடும் நேரத்தைக் கூர்ந்து கவனித்தால், அதில் கைவேலையின் பங்கு குறைவு என்பது தெரியவரும். காய் நறுக்குவதும் அரிசி களைவதும் சில நிமிட வேலைகள்தான். மிச்ச நேரமெல்லாம் தண்ணீர் கொதிக்கட்டும், கிழங்கு வேகட்டும், பயறு குழையட்டும் என்று காத்திருப்பதிலேயே கழிகிறது. எனவே சமையலைச் சீக்கிரம் முடிக்க விரும்புபவர் கைவேகத்தைக் கூட்டுவதால் பெரிய பயன் இல்லை. அடுப்பின் வெப்பம் உணவின் நடுப்பகுதியைச் சென்றடையும் வழியில் எங்கெங்கே தாமதமாகிறது என்பதை அறிந்துகொள்வதே பயன் தரும்.

முதல் தாமதம் தண்ணீரில் நேர்கிறது. அன்றாடம் நாம் கையாளும் பொருள்களில் தண்ணீரைப் போல வெப்பத்தை விழுங்குவது அரிது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் ஆற்றல் தேவை. பாத்திரத்துக்குள் நொடிக்கு ஒரு கிலோஜூல் வெப்பம் இறங்குவதாகக் கொண்டால், ஒரு லிட்டர் கொதிக்க 5 நிமிடமும், 4 லிட்டர் கொதிக்க 20 நிமிடமும் ஆகும். எரிவாயுச் சுடரின் வெப்பத்தில் கணிசமான பகுதி பாத்திரத்தின் ஓரங்களைத் தழுவிக்கொண்டு காற்றோடு போய்விடுவதால், நடைமுறையில் இதற்கு மேலும் ஆகக்கூடும். வேகவைக்கும் பொருள் மூழ்குவதற்குத் தேவையான அளவைவிட அதிகமாக ஊற்றப்படும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் இரவு உணவை ஒரு நிமிடமாவது தள்ளிப்போடுகிறது.

மூடி போடாத பாத்திரத்தில் இழப்பு இன்னும் அதிகம். 100 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியாகச் சுமார் 2257 கிலோஜூல் வேண்டும். அதே தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவானதைப்போல் இது ஏறக்குறைய எட்டு மடங்கு. தளதளவென்று கொதிக்கும் நீரும் மெல்லக் கொதிக்கும் நீரும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. கொதித்த பிறகும் தீயைக் கூட்டி வைப்பதால் உணவு விரைவில் வேகாது. கூடுதல் எரிவாயு நீராவியாக அறையில் பரவி, சமைப்பவருக்குப் புழுக்கத்தை மட்டுமே தரும். மாறாக, பாத்திரத்தின் அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் வைத்து, மேலே தட்டில் காய்களைப் பரப்பி, மூடி ஆவியில் வேகவைத்தால், தண்ணீர் சில நிமிடங்களில் கொதித்துவிடுகிறது. அதன் ஆவி காயின் குளிர்ந்த மேற்பரப்பில் படிந்து மீண்டும் நீராகும்போது, ஒவ்வொரு கிராமும் தன்னுள் வைத்திருந்த 2257 ஜூல் வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது.

இனி உணவின் உட்பகுதி. கிழங்கோ இறைச்சித் துண்டோ, அதன் மேற்பரப்பை எவ்வளவு சூடாக்கினாலும், அந்தச் சூடு நடுப்பகுதிக்குச் சொந்த வேகத்தில்தான் நகரும். ஈரப்பதம் மிகுந்த உணவுப் பொருள்களில் இந்த வேகம் ஏறத்தாழத் தண்ணீரின் வேகத்தை ஒத்தது, நொடிக்கு 0.14 சதுர மில்லிமீட்டர் என்பது அதன் அளவு. சதுர மில்லிமீட்டர் என்ற இந்த அலகிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. வெப்பம் கடக்க வேண்டிய தொலைவு இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெப்பம் பரவத் தோராயமாக 3 நிமிடம் ஆகுமென்றால், 1 சென்டிமீட்டருக்கு 12 நிமிடமும், 2 சென்டிமீட்டருக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேலும் ஆகும். உருண்டையான பொருளுக்குள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வெப்பம் நுழைவதால் உண்மையான நேரம் இதைவிடக் குறையும். ஆனால் நான்கு மடங்கு என்ற விகிதம் மாறாது.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. ஒரு துண்டு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பது பெரும்பாலும் பொருட்டில்லை. அதன் மிக மெல்லிய பரிமாணமே வேகும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. 3 சென்டிமீட்டர் தடிமனான இறைச்சித் துண்டைக் குறுக்கே பிளந்து 1.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரு துண்டுகளாக்கினால், வெப்பம் நடுவைச் சேரும் நேரம் கால்பங்காகிவிடும். கத்தியை ஒருமுறை ஓட்டுவதற்குக் கிடைக்கும் இந்தப் பலனுக்கு நிகரான வேறொரு வேலை சமையலறையில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரமாக நறுக்கிய உருளைக்கிழங்கின் நடுப்பகுதி, கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடங்களிலேயே சூடாகிவிடுகிறது. ஆனாலும் அது மென்மையாக மேலும் சில நிமிடங்கள் பிடிக்கின்றன. அதற்கும் பொடியாக நறுக்குவதால் சமைப்பவரின் நேரம் கூடுமே தவிர, வேகும் நேரம் அதிகம் குறையாது.

அந்த மேலும் சில நிமிடங்களில் நடப்பது வேதிவினை. தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற நீள்சங்கிலி மூலக்கூறு. சூட்டில் இந்தச் சங்கிலிகள் அறுபட அறுபடச் செல்கள் பிரிகின்றன. அதைத்தான் காய் வெந்துவிட்டது என்கிறோம். பெரும்பாலான மாவுச்சத்துகள் 60 முதல் 75 டிகிரிக்குள்ளாகவே நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். ஆனால் பெக்டின் குறிப்பிடத்தக்க வேகத்தில் சிதைய 85 டிகிரிக்கு மேல் வேண்டும். இத்தகைய வினைகளின் வேகம், வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சுமார் இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் வழங்கும் தோராயமான விதி. ஆனால் திறந்த பாத்திரத்திலுள்ள தண்ணீரோ 100 டிகிரியைத் தாண்ட மறுக்கிறது. கடல்மட்டத்திலிருந்து உயரம் கூடக்கூட, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் அதுவும் குறைந்துகொண்டே போகும்.

இந்தத் தடையை உடைத்தவர் டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சு அறிவியலாளர். லண்டனில் பணியாற்றிக்கொண்டிருந்த அவர், 1679-ஆம் ஆண்டில், ஆவி வெளியேறாதவாறு இறுக மூடிய கலத்தை உருவாக்கி, எலும்பைக்கூட அதில் மென்மையாக வேகவைத்துக் காட்டினார். கலம் வெடித்துவிடாமலிருக்க அவர் அதில் பாதுகாப்பு வால்வு ஒன்றையும் பொருத்தினார். இன்றைய பிரஷர் குக்கரின் அடிப்படை அந்தக் கலமே.

குக்கரின் மூடியில் உள்ள சிறு குழாயின் மேல் உட்காரும் வெயிட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் கணக்கு எளிதில் விளங்கும். குழாயின் துளை 3 மில்லிமீட்டர் விட்டமுடையது என்று வைத்துக்கொண்டால், அதன் பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். அதன் மேல் 70 கிராம் எடையை வைத்தால், ஆவி அந்த எடையைத் தூக்குவதற்குள் உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். கிட்டத்தட்ட 20 டிகிரி கூடுவதால் வேதிவினை சுமார் நான்கு மடங்கு வேகம் பெறுகிறது; ஒரு மணி நேரம் வேக வேண்டிய பயறு கால் மணி நேரத்தில் குழைவதன் காரணம் இதுவே. வெயிட் தூக்கி ஆவி சீறும்போது, உள்ளே வெப்பநிலை அதன் உச்சத்தை எட்டிவிட்டது என்று பொருள். அதன்பின் பெரிய தீ தேவையில்லை. வெயிட் அவ்வப்போது அசையும் அளவுக்குத் தீ இருந்தால் போதும். விசில் எண்ணிக்கை தீயின் அளவுக்கேற்ப மாறும் என்பதால், கடிகாரத்தைப் பார்ப்பதே துல்லியமான வழி.

ஆனால் எல்லாவற்றையும் குக்கரில் போடுவது புத்திசாலித்தனமல்ல. அழுத்தம் ஏறவும் தானாக இறங்கவும் ஆகும் நேரத்தைக் கூட்டிப்பார்த்தால், 8 நிமிடத்தில் வெந்துவிடும் காய்க்குக் குக்கரால் இலாபமில்லை. நெடுநேரம் வேக வேண்டிய கொண்டைக்கடலை, பயறு, கெட்டியான இறைச்சி ஆகியவற்றில்தான் அதன் உண்மையான பலன் தெரியும்.

உலர்ந்த கடலையிலும் பயற்றிலும் மற்றொரு தாமதமும் ஒளிந்திருக்கிறது. அவை வேக வேண்டுமானால் வெப்பத்தோடு நீரும் உள்ளே போக வேண்டும். உலர்ந்த விதைக்குள் நீர் ஊடுருவும் வேகம், வெப்பம் ஊடுருவும் வேகத்தைவிடப் பல நூறு மடங்கு குறைவு. அந்த வேலையை அடுப்பின் மேல் வைத்துச் செய்விப்பது வீண். காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஊறப்போட்டுவிட்டால், மாலைக்குள் கடலை ஏறத்தாழத் தன் எடையளவு நீரைக் குடித்திருக்கும். ஊறவைக்கும் நீரில் சிறிது உப்புச் சேர்ப்பதும் நல்லது. விதையின் தோலில் பெக்டின் சங்கிலிகளை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தை உப்பிலுள்ள சோடியம் பிடித்துக்கொள்வதால், தோல் சீக்கிரம் இளகுகிறது. கால்சியம் நிறைந்த கடினநீரில் பயறு எளிதில் வேகாததும் இதனால்தான். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் பெக்டின் சிதைவைத் தாமதப்படுத்துகின்றன. ஆகையால் பயறு மென்மையான பிறகே அவற்றைச் சேர்ப்பது முறை. சமையல் சோடா இதற்கு நேர்மாறாக வேகத்தைக் கூட்டும். ஆனால் தயமின் எனப்படும் பி1 வைட்டமினை அது அழித்துவிடுவதோடு சுவையையும் கெடுப்பதால், ஊறவைக்கும் பழக்கம் இருப்பவருக்கு அது தேவைப்படாது.

சீக்கிரம் சமைத்த உணவு சப்பென்று இருக்கிறது என்ற குறை அடிக்கடி எழுகிறது. அதற்குக் காரணம் வேகமல்ல, வறுபடாமைதான். வறுத்த வெங்காயத்தின் மணமும் இறைச்சியின் பழுப்பு நிறமும், அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் இணையும் வினைத்தொடரால் உண்டாகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயார் என்பவரின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. இந்த வினை விறுவிறுப்படையச் சுமார் 140 டிகிரி தேவை. மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. வாணலியில் இறைச்சித் துண்டுகளை நெருக்கமாகப் போட்டால் நடப்பதைப் பார்க்கலாம்: முதலில் கேட்கும் சுரீரென்ற ஒலி அரை நிமிடத்தில் அடங்கி, துண்டுகளிலிருந்து கசிந்த நீர் அடியில் தேங்கிக் கொப்பளிக்கத் தொடங்கும், துண்டுகள் சாம்பல் நிறமாக மாறி, வறுபடாமல் அவிந்துபோகும். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, துண்டுகளுக்கிடையே இடம்விட்டு, இரு தவணைகளாக வறுத்தால் மொத்த நேரம் குறையவே செய்யும். 120 டிகிரி ஈர ஆவியில் இயங்கும் குக்கராலும் இந்தச் சுவையை எளிதில் தர இயலாது என்பதால், அதே பாத்திரத்தில் முதலில் வறுத்துப் பின்னர் நீர் ஊற்றி மூடுவதே சிறந்த வரிசை.

மைக்ரோவேவ் அடுப்பு உணவை உள்ளிருந்து வெளியே சூடாக்குகிறது என்று பரவலாக நம்பப்படுகிறது, அது உண்மையல்ல. 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அதன் அலைகள், ஈரமான உணவுக்குள் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை நுழைவதற்குள் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. அதற்கு அப்பாலுள்ள பகுதி வழக்கமான வெப்பக் கடத்தலால்தான் சூடாக வேண்டும். ஆகவே உணவைத் தட்டின் நடுவே குவிக்காமல் ஓரத்தைச் சுற்றி வளையமாகப் பரப்புவதும், இடையில் ஒருமுறை கிளறுவதும் அவசியம். உறைந்த உணவு சில இடங்களில் கொதித்தும் சில இடங்களில் பனிக்கட்டியாகவும் இருப்பதற்குக் காரணம், நீரைவிடப் பனிக்கட்டி இந்த அலைகளை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதுதான்.

களைப்பான மாலைகளுக்கு எல்லாவற்றிலும் எளிய வழி, ஓய்வுள்ள ஒரு நாளில் கூடுதலாகச் சமைத்து வைத்துக்கொள்வது. இங்கேயும் அதே நான்கு மடங்கு விதிதான் ஆட்சி செய்கிறது. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில் நுண்ணுயிரிகள் பெருகுவதால், சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆனால் ஆழமான பாத்திரத்தில் நிரப்பிய சோற்றின் நடுப்பகுதி பெட்டிக்குள்ளும் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்த பின்னும் உயிர்பிழைக்கக் கூடியவை. அந்த வெதுவெதுப்பில் அவை முளைத்துப் பெருகி உண்டாக்கும் ஒரு நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சோற்றை அகலமான தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பினால் அது விரைவில் குளிர்ந்துவிடும்.

குளிர்ந்த சோறு விறைத்துப்போவது அது காய்ந்துவிட்டதால் அல்ல. பருத்துக் குலைந்திருந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையில்தான் இந்த அடுக்கல் மிக வேகமாக நடக்கிறது. அவ்வடுக்கில் பெரும்பகுதி 60 டிகிரிக்கு மேல் மறுபடி குலைந்துவிடும். எனவே ஒரு கரண்டி நீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கும்வரை சூடாக்கினால் சோறு பழைய மென்மையைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளும். உறைநிலையில் இந்த அடுக்கல் ஏறக்குறைய நின்றுவிடுவதால், சில நாள்களுக்கு மேல் வைக்க வேண்டியதை ஃபிரீசருக்கு மாற்றுவது நல்லது. குழம்பையோ வெந்த பயற்றையோ டப்பாவில் அடைக்காமல், பையில் ஊற்றி 2 சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாக உறைய வைத்தால், தேவைப்படும் மாலையில் அந்தப் பலகையைத் துண்டுகளாக உடைத்து நேராக வாணலியிலேயே போட்டுச் சூடாக்கிக்கொள்ளலாம்.