மெழுகுவர்த்திக்கு பதிலா வாங்கின மெழுகுவர்த்தி

நான் குழந்தைங்க எமர்ஜென்சில வேலை பாக்குற டாக்டர். மத்த மாசத்துல நைட் டியூட்டியில வர்ற அம்மா அப்பாங்க தூக்கக்கலக்கத்தோட வருவாங்க. டிசம்பர்ல மட்டும் செஞ்சிட்டிருந்த கிறிஸ்துமஸ் வேலையை போட்டது போட்டபடி ஓடி வருவாங்க, ஒருத்தர் விரல்ல பசை காய்ஞ்சிருக்கும், ஒருத்தர் தலைமுடியில ஜிகினா மின்னும், சட்டை கையில மாவு ஒட்டியிருக்கும், கிட்ட வந்து பேசினா வெனிலா எசென்ஸ் வாசம் அடிக்கும். எனக்கு இந்த மாசம் ரொம்ப பிடிக்கும், பயமும் இந்த மாசத்துல தான் ஜாஸ்தி.

சில வருஷம் முன்னாடி டிசம்பர் ரெண்டாவது வாரம் ஒரு குழந்தை வந்துச்சு, ஒண்ணேகால் வயசு. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தி தான் எழுதுறேன்.) சாயங்காலத்துல இருந்து எச்சில் வழியுது, சாப்பாடு வாயில வச்சா துப்புது, ரெண்டு தடவை வாந்தி. ஜுரம் இல்ல. "பல்லு முளைக்குதோன்னு நினைச்சோம் டாக்டர்"ன்னு அம்மா சொன்னாங்க, நியாயம் தான், அந்த வயசுல எச்சில் வழிஞ்சா யாருமே அதைத்தான் நினைப்பாங்க. எதாவது முழுங்குச்சான்னு கேட்டேன், இல்லவே இல்ல, நாங்க எல்லாரும் பக்கத்துலயே தான் இருந்தோம், மரம் ஜோடிச்சிட்டிருந்தோம்னாங்க. அப்பாவும் அதையே சொன்னாரு.

கூட வந்த அக்கா, அஞ்சு வயசு இருக்கும், அப்பா காலை கட்டிப் பிடிச்சிட்டு நின்னுட்டிருந்துச்சு. நான் குனிஞ்சு கேட்டேன், இன்னைக்கு தம்பி கூட என்ன விளையாண்டேன்னு. "குட்டி மெழுகுவர்த்தி அணைஞ்சு போச்சு, நான் திறந்து பார்த்தேன், உள்ள வெள்ளி காசு இருந்துச்சு, தம்பிக்கு காட்டினேன்"ன்னுச்சு. அந்த வார்த்தை முடியறதுக்குள்ள நான் எக்ஸ்ரேக்கு போன் பண்ணிட்டேன். படத்துல உணவுக்குழாய்க்கு நடுவுல வட்டமா வெள்ளையா ஒண்ணு. காசு மாதிரி தான் இருக்கும், ஆனா ஓரத்தை உத்துப் பார்த்தா வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம் தெரியும், காசுக்கு அது இருக்காது. பட்டன் பேட்டரி.

பேட்டரில எரியுற அந்த குட்டி மெழுகுவர்த்தி எதுக்கு வாங்கினாங்க தெரியுமா, நிஜ மெழுகுவர்த்தி வச்சா குழந்தை கையை சுட்டுக்கும்னு தான். சேஃப்டிக்காக. அந்த அம்மா இதை திரும்பத் திரும்ப சொல்லி அழுதாங்க, எனக்கு பதில் தெரியல. யோசிச்சுப் பார்த்தா இந்த கதை ரொம்ப பழசு. ஒரு காலத்துல கிறிஸ்துமஸ் மரத்து மேல நிஜ மெழுகுவர்த்தியையே ஏத்தி வச்சு பக்கத்துல வாளில தண்ணி வச்சுக்குவாங்க. 1882ல எடிசனோட பார்ட்னர் எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்ல தன் வீட்டு மரத்துக்கு 80 கலர் பல்பு மாட்டினாரு, மின்சார சீரியல் லைட்டோட ஆரம்பம் அதுதான். அப்புறம் அவ்வளவா சூடாகாத எல்இடி வந்துச்சு, அதுக்கப்புறம் ஒயரே இல்லாத, ஊதி அணைக்க வேண்டாத, குட்டியா கைக்குள்ள அடங்குற பேட்டரி மெழுகுவர்த்தி. நெருப்பு வீட்டை விட்டுப் போயிடுச்சுன்னு நாம நிம்மதியா இருக்கோம், அது சின்னதா மாறி குழந்தை வாய்க்குள்ள போற சைஸுக்கு வந்து நிக்குது.

நெருப்புன்னு நான் சும்மா அலங்காரத்துக்கு சொல்லல. நிறைய பேர் பேட்டரி உடைஞ்சு ஆசிட் கசிஞ்சா தான் ஆபத்து, முழுசா இருந்தா மலத்துல வந்துடும்னு நினைக்கிறாங்க. கசியவே வேண்டாம். உணவுக்குழாயோட ஈரச்சுவர்ல பேட்டரி ஒட்டி உக்காந்ததும் பாசிட்டிவ் பக்கத்துல இருந்து நெகட்டிவ் பக்கத்துக்கு சதை வழியா கரண்ட் ஓட ஆரம்பிச்சிடும், நெகட்டிவ் பக்கத்துல கடுமையான காரம் (ஆசிட்டுக்கு நேர் எதிரான ஆல்கலி) உருவாகும், அடைச்சுக்கிட்ட சிங்க் பைப்புல ஊத்துற பவுடர் என்ன பண்ணுமோ அதே வேலை. கால் மணி நேரத்துல சதை வெந்துபோக ஆரம்பிக்கும், 2 மணி நேரத்துல பெரிய புண்ணாயிடும். அதிகமா மாட்டுறது 20 மில்லிமீட்டர் சைஸ், அதாவது சிஆர்2032ன்னு மேல எழுதியிருக்குமே அந்த 3 வோல்ட் லித்தியம் பேட்டரி, சின்னக் குழந்தையோட உணவுக்குழாய்ல அளவெடுத்த மாதிரி சிக்கிக்கும். இன்னொண்ணு, லைட் எரியல, பேட்டரி செத்துப்போச்சுன்னு நாம தூக்கி மேஜை மேல போடுறோமே, அதுலயும் சதையை வேக வைக்கிற அளவுக்கு கரண்ட் மிச்சம் இருக்கும். அந்தக் குழந்தை முழுங்கினதும் அணைஞ்சுபோன மெழுகுவர்த்தியோட பேட்டரி தான்.

எண்டோஸ்கோபி போட்டு எடுத்தோம். பிழைச்சுக்கிச்சு, இப்போ நல்லா இருக்கு, முதல்லயே சொல்லிடுறேன். ஆனா மூக்கு வழியா டியூப் போட்டு தான் பால், மூணு வாரத்துக்கு மேல ஆஸ்பத்திரி, கிறிஸ்துமஸ் எங்க வார்டுல தான். பேட்டரியை எடுத்துட்டா கதை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, காரம் பட்ட இடம் எடுத்ததுக்கு அப்புறமும் உள்ளுக்குள்ள அரிச்சுட்டே போகலாம், பக்கத்துல மூச்சுக்குழாய் இருக்கு, பெரிய ரத்தக்குழாய் இருக்கு, சில வாரம் கழிச்சு கூட திடீர்னு ரத்தக்கசிவு வரலாம். அதனால தான் நாங்க டிஸ்சார்ஜ் கேக்குற அப்பாங்க கிட்ட பிடிவாதம் பிடிக்கிறோம், பில் ஏத்துறதுக்கு இல்ல.

சரி, உங்க வீட்டுல ஒரு நாள் சந்தேகம் வருது, பேட்டரியை காணோம், முழுங்கினதை யாரும் பாக்கல. முழுங்கிருக்காது, கட்டிலுக்கு அடியில கிடக்கும்னு வீடு பூரா தேடிட்டு இருக்காதீங்க. கிளம்புங்க. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னா திரும்ப வந்து சிரிச்சுட்டே மரம் ஜோடிங்க, யாரும் உங்களை கேலி பண்ண மாட்டோம். குழந்தை நல்லாத்தானே விளையாடுதுன்னு காத்திருக்காதீங்க, முதல் சில மணி நேரம் ஒரு அறிகுறியும் இல்லாமலே இருக்கலாம். எச்சில் வழியறது, சாப்பிட மறுக்கிறது, இருமல், வாந்தி, நெஞ்சைப் பிடிச்சுட்டு அழறது, இதெல்லாம் வந்தா ஏற்கெனவே லேட்டு. பக்கத்து கிளினிக்ல ஒரு தடவை காட்டிட்டு போலாம்னு ஒரு மணி நேரம் போக்காதீங்க, எக்ஸ்ரேயும் குழந்தைகளுக்கு எண்டோஸ்கோபி பண்ற வசதியும் இருக்கிற இடத்துக்கு நேரா போங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. தண்ணி, வாழைப்பழம், சோத்து உருண்டை எதுவும் குடுத்து உள்ள தள்ளப் பாக்காதீங்க.

ஒரே ஒரு விதிவிலக்கு தேன். வேடிக்கையா இருக்கும், ஆனா 2018ல வந்த ஆராய்ச்சிக்கு அப்புறம் இது மருத்துவ வழிகாட்டுதல்லயே வந்துடுச்சு. தேன் கெட்டியா பேட்டரியை சுத்தி பூசிக்கிட்டு காரத்தை கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளன்னா, விழுங்க முடிஞ்சா, 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டீஸ்பூன், மொத்தம் 6 தடவை வரைக்கும், அதுவும் ஆஸ்பத்திரிக்கு போற வழியில. தேன் குடுத்தாச்சுல்ல இனி காலையில பாத்துக்கலாம்னு மட்டும் நினைச்சா தேனே எமனாயிடும், பேட்டரி வெளிய வர்ற வரைக்கும் கொஞ்ச நேரம் வாங்கிக் குடுக்கும், அவ்வளவு தான். வீட்டுல தேன் இல்லைன்னா கடையைத் தேடி அலையாதீங்க. ஒரு வயசுக்கு கீழ இருந்தா தேன் கூடவே கூடாது, அந்த வயசுல தேனால பொட்டுலிசம்னு வேற ஒரு நோய் வரலாம்.

மூக்குல, காதுல சொருகிக்கிற குழந்தைங்களும் உண்டு. ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தமடிக்கிற சளி வந்தா சளி மருந்து ஊத்தாதீங்க, எந்த சொட்டு மருந்தும் வேண்டாம், ஈரம் பட்டா கரண்ட் இன்னும் நல்லா ஓடும். நேரா காட்டுங்க.

நான் இதையெல்லாம் சொல்லக் கேட்டுட்டு ஒருத்தர் போன வருஷம் கிளினிக்ல எங்கிட்ட கேட்டாரு, அப்போ லைட்டு, பொம்மை, அலங்காரம் எதுவுமே வேண்டாமா டாக்டர்னு. அய்யய்யோ, நான் அப்படி சொல்லவே இல்ல. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற இந்த நாலு வாரம் மாதிரி வருஷத்துல வேற எது இருக்கு? பரண்ல இருந்து பெட்டியை இறக்கினதும் போன வருஷம் பொதிஞ்சு வச்ச பேப்பர் வாசம், குடில்ல ஒரு ஆட்டுக்குட்டிக்கு கால் உடைஞ்சிருக்கும், அதை சுவர்ல சாய்ச்சு நிக்க வைக்கிறதுக்கு ஒரு தனி இன்ஜினியரிங், சீரியல் லைட் சிக்கு எடுக்கும்போது வீட்டுல நடக்குற சண்டை, கேக் மாவு வழிச்ச கரண்டி யாருக்குங்கற பஞ்சாயத்து, பாட்டி பாடுற கேரல் ஒரு ராகத்துலயும் பேரன் பாடுறது வேற ராகத்துலயும் போறது. பெரிய நாள் வந்து போறது ஒரே நாள்ல, ருசி எல்லாம் இந்த முன்னாடி வாரங்கள்ல தான்.

ஆனா குழந்தை பக்கத்துல இருந்து யோசிங்க. அதுக்கு மனப்பாடமான வீடு ராத்திரியோட ராத்திரியா வேற வீடாயிடுது. சோபா தள்ளிப்போயிடுச்சு, மூலையில மரம் முளைச்சிருக்கு, தரையில இருந்து ஒரு அடி உயரத்துல பளபளன்னு நூறு சாமான். இதுவரைக்கும் எட்டாத உயரத்துல வச்சதெல்லாம் இப்போ அதோட கண்ணுக்கு நேரா தொங்குது, நாம வேற தொடாதே தொடாதேன்னு கத்துறோம். ஒரு வயசுக் குழந்தைக்கு ஒரு சாமானை தெரிஞ்சுக்க வாய் தான் வழி. அதுல அதோட தப்பு ஒண்ணும் இல்ல, "நீ பாத்துட்டு தானே இருந்தே"ன்னு அம்மா மேல எரிஞ்சு விழுறவங்களுக்கும் சொல்றேன், முழுங்க ரெண்டு செகண்ட் போதும்.

அதனால பெட்டியை இறக்குற அன்னைக்கே ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்து வச்சுக்கோங்க. ஒவ்வொரு சாமானா திருப்பிப் பாருங்க, பேட்டரி மூடி எங்க இருக்கு, ஸ்க்ரூ போட்டதா, நகத்தால நெம்பினா திறக்குதா. நகத்தால திறக்குறது எதுவா இருந்தாலும் அது கைக்கு எட்டாத இடம் போகணும், இல்ல குப்பைக்கு. விளையாட்டு சாமானை எல்லாரும் பாப்பாங்க, ஆனா நான் எடுத்த பேட்டரியில பாதிக்கு மேல பொம்மையில இருந்து வந்ததே இல்ல, ரிமோட், எடை பார்க்குற மெஷின், பாட்டு பாடுற வாழ்த்து அட்டை, பாட்டியோட காது மெஷின், பரிசு பேக்ல கூடவே வர்ற எக்ஸ்ட்ரா பேட்டரி அட்டை. தலையில கட்டுற லைட் வச்ச மான் கொம்பு ஒண்ணு வருதே, அதுல மூடி கீழ விழுந்தாலே திறந்துக்குது, அதை டிசைன் பண்ணவங்களை ஒரு நாள் எங்க வார்டுல உக்கார வைக்கணும்னு தோணும். 2022ல ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுலயும் இதுக்கு சட்டமே வந்துடுச்சு, ஒரு டூல் இல்லாமலோ, ஒரே நேரத்துல ரெண்டு தனித்தனி கை அசைவு இல்லாமலோ மூடி திறக்கக்கூடாதுன்னு. அமெரிக்க சட்டத்துக்கு வச்சது பட்டன் பேட்டரி முழுங்கி இறந்துபோன ஒரு ஒன்றரை வயசுக் குழந்தையோட பேரு.

பழசை கழட்டினா உடனே ரெண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, எட்டாத உயரத்துல ஒரு டப்பாவுல போடுங்க. மேஜை மேல ஒரு நிமிஷம் வச்சுட்டு புதுசை மாட்டலாம்னா அந்த ஒரு நிமிஷம் தான் எங்களுக்கு கேஸ். கசப்பு பூசின பேட்டரி விக்கிறாங்க, வாங்குங்க, ஆனா அதை நம்பி விட்டுடாதீங்க, கசப்பு தெரியறதுக்குள்ள முழுங்கிட்டா?

மத்ததை சுருக்கமா சொல்லிடுறேன். குட்டி காந்த உருண்டை செட் யாராவது பரிசா குடுத்தா சிரிச்சுட்டே வாங்கி பூட்டி வைங்க, ரெண்டு காந்தம் தனித்தனியா போனா குடலோட ரெண்டு மடிப்பை நடுவுல கவ்வி ஓட்டை போட்டுடும். கேக்குக்கு வாங்கின முந்திரி, பாதாம் முழுசா நாலஞ்சு வயசுக்கு கீழ குடுக்காதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போகும். ஓவன்ல இருந்து எடுத்த தட்டை மேஜை விளிம்புல வைக்காதீங்க, மேஜை விரிப்பை இழுக்குறது ஒரு வயசுக்காரங்களோட தேசிய விளையாட்டு. விருந்தாளியா வர்ற தாத்தா பாட்டி ஹேண்ட்பேக்கை உயரமா மாட்டிடுங்க, உள்ள பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை இருக்கும். அந்த சிவப்பு இலை பாயின்செட்டியா செடி விஷம்னு வருஷா வருஷம் வாட்ஸ்அப்ல வரும், அதை மென்னா பெரும்பாலும் லேசா வாய் அரிப்பு, வயித்துவலி, அவ்வளவு தான், ஆனா அந்த மெசேஜை அனுப்புறவங்க வீட்டுலயே ரிமோட் மூடி இல்லாம கிடக்கும், அது வேற விஷயம்.

அந்தக் குழந்தையோட அக்காவை பத்தி ஒண்ணு சொல்லணும். தன்னால தான் தம்பிக்கு இப்படி ஆச்சுன்னு ரெண்டு நாள் யார் கூடவும் பேசல. எங்க நர்ஸ் ஒருத்தர் அவளை பக்கத்துல உக்கார வச்சு, நீ சொல்லலைன்னா எங்களுக்கு தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காதுடா, நீ தான் காப்பாத்தினேன்னு சொன்னாங்க, அது ஆறுதலுக்கு சொன்ன பொய் இல்ல. வீட்டுல மூத்த பிள்ளைங்க கிட்ட இப்பவே சொல்லி வைங்க, தம்பியோ பாப்பாவோ எதையாவது வாயில போட்டா ஓடி வந்து சொல்லு, திட்டவே மாட்டோம்னு. சொன்னா நிஜமாவே திட்டாதீங்க.

நேத்து எங்க வீட்டுப் பெட்டியை இறக்கினோம். நான் ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்ததும் என் பொண்ணு "அம்மா இன்ஸ்பெக்ஷன் ஆரம்பிச்சுட்டாங்க"ன்னு அப்பா கிட்ட கத்துச்சு. மொத்தம் மூணு சாமான் குப்பைக்கு போச்சு. பாட்டு பாடுற அட்டையை மட்டும் தர மாட்டேன்னு ஒரே அழுகை, கடைசியில பேட்டரி இருக்கிற இடத்தை சுத்தி ஏழெட்டு சுத்து டேப் ஒட்டி, அலமாரி மேல் தட்டுல வச்சு, பெரியவங்க தான் திறந்து காட்டணும்னு ஒப்பந்தம் ஆச்சு. இப்போ அட்டையை திறந்தா கம்பளிக்குள்ள இருந்து யாரோ முனகுற மாதிரி பாடுது.